எந்தப் பரவாயில்லை?

பிப்ரவரி பதினேழாம் தேதி காலை, நகரத்துக்கு வெளியே உள்ள சரக்குக் கிடங்கின் ஒன்பதாவது வரிசையில், மேல்தட்டில் ஏற்றிக்கொண்டிருந்த சலவைத்தூள் அடுக்கு ஒன்று மரப்பலகையோடு சரிந்து கீழே விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை.

வண்டியில் இருந்தவள் கொக்கு. உயரத் தூக்கும் வண்டியில் உட்கார்ந்து நாள் முழுக்க கழுத்தை அண்ணாந்தபடி மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு யாரோ விளையாட்டாக வைத்த பெயர். வைத்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான், பெயர் போகவில்லை. கீழே உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேலே ஏழு மீட்டர் உயரத்தில் இரும்புக் கவையின் இரண்டு முனையும் பலகையின் இடுக்குக்குள் சரியாக நுழைகிறதா என்று கண்ணாலேயே அளக்க வேண்டிய வேலை அது. அன்றைக்கு வலக்கண்ணுக்குப் பின்னால் குத்திய குத்தில் அவள் அந்தக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணுக்கு எது கிட்ட, எது எட்ட என்று பிடிபடாது.

சூப்பர்வைசர் கத்தவில்லை. செருப்பெல்லாம் வெள்ளைத்தூளாக வந்து நின்று, சாவிக்குக் கையை நீட்டினார்.

"தலைவலின்னா லீவு போட வேண்டியதுதானேம்மா?"

"தலைவலிக்கெல்லாம் லீவு போட்டா, நான் ஆறு வருஷமா வீட்லதான் சார் இருந்திருக்கணும்."

அவர் அவளை அட்டைப்பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டும் மேசைக்கு மாற்றினார். "டாக்டர் சரின்னு சொல்லட்டும். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் வண்டியை உனக்காக வச்சிருப்பேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். அதுவரை ஒன்பதாவது வரிசையை ஓட்ட, புயல் என்ற பையன் வந்தான். ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுவான் என்பதால் அந்தப் பெயர்.

அந்த மேசையில்தான் அவள் முதல் மூன்று வருடம் சீட்டு ஒட்டினாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு கிடைத்த சாவி அது. மறுபடி மேசைக்கு வந்தது, தேறி மேலே போனவளைப் பழைய வகுப்பிலேயே கொண்டுவந்து உட்கார்த்தியதுபோல் இருந்தது.

ஆறு வருடத் தலைவலியில் அவள் பார்க்காத மருத்துவர் இல்லை. கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றினார். பல் மருத்துவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். இன்னொருவர் ஒற்றைத் தலைவலி என்றார். மாத்திரை போட்டால் வலி ஓரமாகப் போய் உட்காரும், எழுந்து போகாது. கடைசியில்தான் வலிக்கென்றே இருக்கும் ஒரு மருத்துவரிடம் போனாள். கணவரும் கூட வந்தார், கணவருடைய தங்கையும் கூட வந்தாள். நாத்தனார் முடிதிருத்தும் கடையில் வேலை பார்க்கிறவள். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை, அதனால் திங்கட்கிழமை யாருக்கு உடம்புக்கு வந்தாலும் துணைக்கு அவள்தான்.

மருத்துவர் அவளுடைய கழுத்தைப் பின்னாலிருந்து இரண்டு கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே வந்தார். மண்டை எலும்புக்குச் சற்றுக் கீழே, வலப்பக்கம் ஓரிடத்தில் அமுக்கியதும் வலி கண்ணுக்குப் பின்னால் பளீரென்றது. அமுக்கியது கழுத்தை, வலித்தது கண். அவள் திரும்பி மருத்துவரின் கையைப் பார்த்தாள்.

"உங்க தலையில ஒண்ணுமில்ல" என்றார் மருத்துவர்.

"இதைத்தான் டாக்டர் கல்யாணமான நாள்லேர்ந்து நானும் சொல்றேன்" என்றார் கணவர்.

மருத்துவர் சிரித்துவிட்டு விளக்கினார். கழுத்து எலும்புகளுக்குப் பின்பக்கம் சின்னச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்று தேய்ந்து வலிக்கிறது. அங்கிருந்து வலியைக் கொண்டுபோகிற நரம்பும், தலையிலிருந்து வருகிற நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. அதனால் மூளை எந்த வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று தெரியாமல், தலை என்று எழுதிக்கொள்கிறது. அந்த மூட்டின் நரம்பு ஊசி முனையளவுதான். அதைச் சூடுபடுத்திச் செயலிழக்க வைத்துவிட்டால் வலி போய்ச் சேராது. ஒரு வருடம் போல ஓடும். நரம்பு திரும்ப வளர்ந்தால் வலியும் திரும்பலாம்.

கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்கு ஒயரும் மோட்டாரும்தான்.

"மணி அடிக்குதுன்னு ஒயரைக் கழட்டி விடறோம். சரி. கோளாறு அப்படியேதானே இருக்கும்?"

"இருக்கும். ஆனா இந்தக் கோளாறால லிஃப்ட் அறுந்து விழாது. மணி மட்டும் சும்மா அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"அப்ப கழட்டிடலாம்" என்றார் கணவர், ஏதோ அவருடைய கழுத்து என்பதுபோல.

"உடனே சுட மாட்டேன்" என்றார் மருத்துவர். "மொதல்ல அதே நரம்புல மரத்துப்போற மருந்து போட்டுப் பார்ப்பேன். ரெண்டு தடவை. கொஞ்ச நேரந்தான் வேலை செய்யும். அந்த நேரத்துல வலி பெரும்பாலும் போயிடுச்சுன்னா, ஆள் இவன்தான்னு அர்த்தம். போகலேன்னா, சுட்டுப் பிரயோஜனமில்ல. அதனால நீங்க சொல்றதுதான் எனக்குக் கணக்கு."

அவள் தலையை ஆட்டினாள். புரிந்தது என்றுதான் நினைத்தாள்.

முதல் ஊசியன்று நர்ஸ் அவளுடைய புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கிடைக்கல" என்றாள்.

நாத்தனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "கிடைக்கலையா? அப்புறம் எதைச் சுடுவீங்க?"

"இது மருந்து ஏத்தறதுக்குங்க. இது வேற நரம்பு."

"ரத்தம் ஓடற நரம்பா?"

"ஆமா. ஆனா அது நரம்பில்ல. ரத்தக் குழாய்."

"இப்பத்தானே நரம்புன்னீங்க?"

"சொல்றது அப்படித்தாங்க. டாக்டர் பார்க்கறது கழுத்துல."

"அண்ணி, எனக்கென்னவோ இவங்களுக்கே இன்னும் முடிவாகலைன்னு தோணுது" என்றாள் நாத்தனார், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. நர்ஸ் மறுகையைத் தட்ட ஆரம்பித்தாள்.

ஊசி போட்டதும், "மாத்திரை எதுவும் போடாதீங்க. வழக்கமா எதைச் செஞ்சா வலி வருமோ, அதைச் செய்யுங்க. நான் போன் பண்ணிக் கேப்பேன்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்தால் நாத்தனார் திரையை இழுத்து விட்டு, தலையணையைத் தட்டிப்போட்டு, "அண்ணி, அசையக் கூடாது" என்று படுக்கவைத்துவிட்டாள். படுத்தால் அவளுக்கு எப்போதுமே வலி வராது. பின்மண்டை மரத்துக் கிடந்தது. வலி போய்விட்டதா, அல்லது இன்னும் கிளம்பவே இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லை சிஸ்டர்."

இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவள் கண்டிப்பாக உட்கார்ந்துகொண்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். ஊசி குத்திய இடம் வலித்தது. அதில் பழைய வலி எது, புது வலி எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இருந்தது என்றால் இருந்தது, இல்லை என்றால் இல்லை. அந்த நர்ஸ் இரண்டாவது தடவையும் அவ்வளவு அன்பாக விசாரித்தாள். இவ்வளவு பாடுபட்டு ஊசி போட்டவர்களிடம் ஒன்றும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"பரவாயில்லை சிஸ்டர்."

அடுத்த வாரம் நான்கு பேரும் நர்ஸுமாக அந்தச் சின்ன அறையில் இருந்தார்கள். மருத்துவர் கணினியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவையும் நல்லாக் குறைஞ்சிருக்கு. வர்ற வியாழக்கிழமை எனக்கு ஒரு இடம் இருக்கு. பண்ணிடலாம்" என்றார்.

வியாழக்கிழமை என்றால் மாதக் கடைசிக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும். கணவர் அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வரத்தான் வேண்டும்.

"குறைஞ்சுதா டாக்டர்?" என்று கேட்டாள்.

மருத்துவர் திரும்பினார். "நீங்கதானே சொன்னீங்க?"

"நான் பரவாயில்லைன்னு சொன்னேன்."

"அதான். பரவாயில்லைன்னா முன்னைக்கு இப்ப தேவலைன்னுதானே?"

"சில சமயம் அப்படி" என்றாள் அவள்.

நர்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க வார்டுல பரவாயில்லைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவோம் டாக்டர்."

"அப்படி எடுத்துக்க முடியாதுங்க" என்றார் கணவர். "லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு நான் கேப்பேன். பரவாயில்லைம்பாங்க. மறுநாளே மூணாவது மாடியில மாட்டிக்கிட்டு போன் பண்ணுவாங்க."

"நான் அண்ணிக்கு முடி வெட்டிவிட்டு, எப்படி இருக்குன்னு கேட்டேன்" என்றாள் நாத்தனார். "பரவாயில்லைன்னாங்க. ஒரு மாசம் தலையில துணி கட்டிக்கிட்டு வேலைக்குப் போனாங்க."

"அது வெயிலுக்குடி" என்றாள் அவள்.

"எந்தக் கிடங்குக்குள்ள அண்ணி வெயிலடிக்குது?"

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி. நான் உங்களைத்தான் கேக்கணும். அன்னிக்குச் சொன்னது எந்தப் பரவாயில்லை? குறைஞ்சுதுன்னா? இல்ல, இருக்கட்டும் விடுங்கன்னா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் நிஜமாகவே தேடினாள். திரை இழுத்த அறை ஞாபகம் வந்தது, மின்விசிறி ஞாபகம் வந்தது, நர்ஸின் குரல் ஞாபகம் வந்தது. வலி மட்டும் ஞாபகம் வரவில்லை. ஆறு வருடமாகக் கூடவே இருந்தது, அன்றைக்கு அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆமாம், குறைந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் வியாழக்கிழமை. அடுத்த மாதம் ஒன்பதாவது வரிசை. அந்த வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்தது.

"எனக்குத் தெரியல டாக்டர்" என்றாள்.

"அப்ப சுட முடியாது. இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன். இந்தத் தடவை வீட்டுக்குப் போகாதீங்க. வலி எங்க வருமோ நேரா அங்க போங்க."

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் கணவர் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். அப்புறம் தாங்க முடியாமல் ஆரம்பித்தார்.

"ஒரு ஆமா. உன்கிட்ட யாரு கவிதையா கேட்டாங்க?"

"ஆமான்னு சொல்லி, அது இல்லாத எடத்தைச் சுட்டுட்டா என்னங்க பண்றது?"

"அப்ப மொதல்லயே எதுக்குப் பரவாயில்லைன்னே?"

"அவங்க மனசு சங்கடப்படக் கூடாதேன்னு."

"ஊசி போட்டது உன் கழுத்துக்கு. அவங்க மனசுக்கா போட்டாங்க?"

முன் இருக்கையில் இருந்த நாத்தனார் திரும்பாமலேயே, "அண்ணே, அண்ணிக்கு வலி வந்துடப் போவுது, விடு" என்றாள். வலித்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது, இந்தப் பேருந்தில், சந்தேகமே இல்லாமல் வலித்தது. கேட்பதற்குத்தான் யாரும் போன் பண்ணவில்லை.

மூன்றாவது ஊசி போட்டதும் கணவர் வாடகைக் கார் பிடித்து அவளை நேரே கிடங்குக்குக் கூட்டிவந்தார். சூப்பர்வைசருக்கு விஷயத்தை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"வலி வருதான்னு பாக்கறதுக்கு இங்க வந்திருக்கியா?"

"வரலையான்னு பாக்கறதுக்கு சார்."

"வந்தா நல்லதா, வரலேன்னா நல்லதா?"

"வரலேன்னா நல்லது. சுடுவாங்க."

அவர் இதற்கு மேல் கேட்காமல் ஒரு தலைக்கவசத்தைக் கொடுத்து, ஒன்பதாவது வரிசையின் வாயில் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். வண்டியைத் தொடக் கூடாது என்றார். புயல் ஓட்டினான். கவை மெல்ல மெல்ல மேலே ஏற, அவளும் தலையை அண்ணாந்தாள். வழக்கமாக மேல்தட்டில் நாலாவது பலகை போய் உட்காருவதற்குள் வலி பிடரியில் ஏறிவிடும். அவளுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதே இல்லை.

நாலாவது பலகை போய் உட்கார்ந்தது. ஐந்தாவது. புயல் என்பதால் ஒவ்வொன்றும் ஒரு யுகம்.

அந்த வழியாக வந்த ஒருத்தி அவள் அருகில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு இரண்டு பேர். பிறகு சீட்டு ஒட்டும் மேசையிலிருந்தே ஒரு கூட்டம். எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

"என்னக்கா, பறவை ஏதும் கூடு கட்டியிருக்கா?"

"இல்ல. என் தலைவலியைத் தேடறேன்."

"அங்கயா இருக்கு?"

"கொக்கு மேல பார்த்தா நாமளும் மேல பாக்கணுமா? போங்கய்யா வேலையைப் பாத்துக்கிட்டு" என்று சூப்பர்வைசர் வந்து விரட்டினார். விரட்டிவிட்டு அவரும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

எட்டாவது பலகை ஏறியது. பள்ளிக்கூடம் விட்டும் பிள்ளை வரவில்லையென்றால் வாசலையே பார்ப்பதுபோல் அவள் பிடரிப் பக்கம் கவனத்தை வைத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. கண்ணுக்குப் பின்னால் காலி வீடாக இருந்தது. நெற்றியில் மட்டும் ஒரு மெல்லிய பட்டை, ரப்பர் வளையம் போட்டதுபோல. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் பயம் வந்தது. இப்படியா எல்லோருக்கும் தலை இருக்கிறது? இத்தனை நாளும் இவர்கள் எல்லாம் இப்படித்தான் சும்மா நடமாடிக்கொண்டிருந்தார்களா?

"புயலு, இன்னொண்ணு வை."

"அக்கா, இடம் தீந்துடுச்சு. எடுத்து எடுத்துத்தான் வைக்கணும்."

"எடுத்துட்டு வை."

போன் வந்தபோது அவள் தயாராக இருந்தாள். "சிஸ்டர், பத்துல எட்டு போயிடுச்சு. நெத்தியில ரெண்டு இருக்கு. அண்ணாந்து பார்த்துக்கிட்டேதான் பேசறேன்."

"பரவாயில்லையே!" என்றாள் நர்ஸ்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள்.

மாலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது மருந்தின் வேகம் இறங்கியது. பிடரியில் முதலில் ஒரு தட்டல், பிறகு கண்ணுக்குப் பின்னால் பழைய இடத்தில் பழைய குத்தல். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் போய், "வந்துடுச்சுங்க" என்றாள்.

"யாரு?" என்று அவர் கதவைத் திறக்கப் போனார்.

மருத்துவர், இனி சந்தேகமில்லை, பண்ணிவிடலாம் என்றார். ஆனால் விட்ட வியாழக்கிழமையை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த இடம் ஏப்ரல் பத்தாம் தேதிதான் கிடைத்தது. மாதக் கடைசி வந்தது, போனது. சூப்பர்வைசர் சொன்ன சொல் மாறாதவர். ஒன்பதாவது வரிசையின் சாவி நிரந்தரமாகப் புயலிடம் போயிற்று. அவன் அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"அக்கா, நான் கேக்கல. அவராத்தான் குடுத்தாரு."

"தெரியும். நீ ஓட்டு. ஆனா பேருக்காவது கொஞ்சம் வேகமா ஓட்டு."

சொல்லிவிட்டு அவள் அன்று ஒரு பெட்டிக்கு இரண்டு முகவரி ஒட்டினாள். ஊசிக்காகக் குப்புறப் படுக்கும் ஆஸ்பத்திரி மேசைக்கு இனி எதற்காகப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாக இல்லை. வண்டிக்காகத்தான் கழுத்தைக் காட்டினாள். வண்டி போய்விட்டது, கழுத்து மிச்சம். போகவேண்டாம் என்று ஒரு நாள் நினைத்தாள், போகலாம் என்று மறுநாள் நினைத்தாள். பத்தாம் தேதி, போகாமலிருப்பதற்குக் காரணம் ஒன்றும் அகப்படாததால் போனாள்.

குப்புறப் படுக்கவைத்து, முகத்துக்கு ஓட்டை விட்ட திண்டில் தலையை வைத்தார்கள். எக்ஸ்ரே கருவி தலைக்கு மேலே வளைந்து நின்றது. லேசான மயக்கத்துக்கு மருந்து ஏற்றினார்கள், ஆனால் பேச முடிந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தரையும், மருத்துவரின் பச்சைச் செருப்பும்தான். ஊசி உள்ளே போனதும், "இப்ப சின்னதா மின்சாரம் குடுப்பேன். எங்க தெரியுதுன்னு சொல்லணும்" என்றார்.

பிடரி விர்ரென்றது. அடுத்த நொடி கண்ணுக்குப் பின்னால் அவளுடைய தலைவலி அச்சு அசலாக வந்து நின்றது. அதே இடம், அதே வடிவம். ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்தி அதை வரவழைத்துவிட்டார்கள்.

"இதுதானா?"

"இதேதான் டாக்டர்! இதேதான்!"

"ரொம்ப நல்லது."

"எது நல்லது?" என்று கேட்டாள். பொத்தானை விட்டதும் வலி நின்றுபோயிற்று. ஆறு வருடமாகத் தன்னுடையது என்று நினைத்திருந்ததை ஒருவர் இப்படிப் போட்டு அணைக்க முடியும் என்பது அவளுக்கு ஒருமாதிரி இருந்தது. கோபமா, அவமானமா, சொல்லத் தெரியவில்லை. மரத்துப்போக மருந்து விட்டு, ஊசி முனையைச் சூடாக்கினார்கள். ஒன்றரை நிமிடம் போல. கொஞ்சம் தள்ளி மறுபடி. இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி. கனமாக யாரோ விரலை வைத்து அமுக்குவதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் நாத்தனார், "அண்ணி, கருகின வாசனை வந்துதா?" என்று கேட்டாள். வரவில்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகிவிட்டது.

அப்புறம்தான் குழப்பம் முற்றியது. மறுநாளிலிருந்து பிடரி முழுக்க வெயிலில் வெந்த தோல்போல எரிந்தது. தலைவலி முன்னைவிட அதிகமாக இருந்தது. சீப்பை வைத்து வாரினால் பின்மண்டையில் ஓரிடத்தில் வேறு யாருடைய தலையையோ வாருவதுபோல் இருந்தது. படி இறங்கும்போது தரை அரை விநாடி தாமதமாக வந்தது. கணவர் பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "ஒயரைக் கழட்டியாச்சு. இப்ப எந்த மணிடி அடிக்குது?" என்று கவலையோடு கேட்டார். நர்ஸுக்குப் போன் பண்ணினால், இதெல்லாம் வரும், மூணு வாரம் பொறுங்க என்றாள். மூன்று வாரம் பொறுத்தால் போகும் என்பதற்கும், மூன்று வாரத்தில் பழகிவிடும் என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்க நினைத்தாள்.

எந்த நாளில் வலி குறைந்தது என்று அவளால் சொல்ல முடியாது. ஒரு நாள் மேல் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டு, எடுத்து வெகுநேரமான பிறகுதான், வலிக்கவில்லையே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் வலிப்பதுபோல் இருந்தது. பிறகு இல்லை. மருத்துவரிடம் இதையே இப்படியே சொன்னாள். இது போதும் என்றார் அவர். வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

மே ஐந்தாம் தேதி அவள் கிடங்கில் மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கினாள். ஒன்பதாவது வரிசை புயலிடமே இருந்தது. அவளுக்குச் சரக்கு இறக்கும் மேடையில் தரையோடு ஓடும் தாழ்வான வண்டி கொடுக்கப்பட்டது. அதில் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. தலைவலி வாரத்தில் ஒரு நாள் வருகிறது, ஒரு மாத்திரையில் போய்விடுகிறது.